காந்தம் வேலை செய்யாது என்றால் வியாழனில் மிதிக்கிறது யார்?

பிள்ளை, உமது கேள்வியை என் சொல்லில் ஒருமுறை திருப்பிச் சொல்கிறேன், சரியாக விளங்கிக்கொண்டேனா என்று பாரும். கிளிநொச்சியில் உயர்தரம் படிப்பதாக எழுதியிருக்கிறீர். காந்தப்புலத்தில் ஓடும் மின்னேற்றத்தின் மீது விசை எப்போதும் வேகத்துக்குச் செங்குத்தாக இருக்கும், ஆகவே காந்தப்புலம் வேலை செய்யாது, துணிக்கையின் இயக்கசக்தி மாறாது என்று வகுப்பில் எழுதித் தந்திருக்கிறார்கள். பிறகு ஏதோ ஒரு காணொளியில், வியாழனின் காந்தப்புலம் பூமியினுடையதைவிட 20,000 மடங்கு பெரியது, அது இலத்திரன்களை ஒளியின் கதிக்குக் கிட்ட முடுக்கிவிடுகிறது என்று கேட்டிருக்கிறீர். இரண்டில் ஒன்று பிழையாக இருக்கவேண்டுமே என்பது உமது குழப்பம். கடைசி வரியில் கேட்டதுதான் எனக்கு மிகவும் பிடித்தது: அந்தத் துணிக்கைகள் ஏன் வியாழனில் விழாமலும் வெளியே ஓடாமலும் அங்கேயே நிற்கின்றன? ஆக, பிடித்து வைத்திருப்பது யார், சக்தி கொடுப்பது யார் என்று இரண்டு கேள்வி. பிடிப்பது காந்தம். கொடுப்பது வேறு ஆள்.

என்னைப் பற்றி ஒரு வரி. பட்டப்படிப்பின் கடைசி வருடத்தில் பிளாஸ்மா (இலத்திரனும் அயனும் பிரிந்து கலந்து கிடக்கும் வாயு) பௌதிகவியலைத் தெரிவுப் பாடமாக எடுத்தவன் நான். அதன் பிறகு முப்பது வருடத்துக்கு மேல் வன்னியில் உயர்தரப் பிள்ளைகளுக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றேன். விண்கலங்கள் அனுப்பும் தரவைக் கையில் எடுத்து ஆராய்ந்தவன் அல்ல, வெளிவரும் கட்டுரைகளை விடாமல் வாசிக்கிறவன். ஆகவே கடதாசியில் பென்சிலால் கணக்குப் போட்டுப் பார்க்கக்கூடியதை உறுதியாகச் சொல்வேன். ஆராய்ச்சியாளர்களே இன்னும் பிடுங்குப்படுகிற இடம் வந்தால், இது அப்படியான இடம் என்று சொல்லிவிட்டுத்தான் நுழைவேன்.

முதலில் அந்த 20,000. எண் சரிதான், சொல்கிற விதம்தான் பிழை. வியாழனின் முகில் மட்டத்தில், நடுக்கோட்டருகே, புலம் ஏறத்தாழ 4.2 கவுசு (காந்தப்புலத்தின் பலத்தை அளக்கும் அலகு). பூமியில் அதே மாதிரி இடத்தில் 0.3 கவுசு. அதாவது 14 மடங்கு, அவ்வளவுதான். ஆனால் ஒரு கோளின் காந்தத் திருப்பத்தை, அதாவது முழுக் காந்தத்தின் மொத்தப் பலத்தை, கணிக்கும்போது புலத்தை ஆரையின் மூன்றாம் அடுக்கால் பெருக்கவேண்டும். வியாழனின் ஆரை பூமியின் ஆரையைப் போல் 11 மடங்கு. 11ஐ மூன்று தரம் பெருக்கினால் 1,331. அதை 14ஆல் பெருக்கும், 18,600 சொச்சம் வரும். அந்த 20,000 வந்த வழி இதுதான். வட பாதியில் சில இடங்களில், ஜூனோ விண்கலத்தின் அளவீடுகளிலிருந்து கணித்தால், 20 கவுசுக்குக் கிட்ட வருகிறது. பழுதான ரேடியோவில் கழற்றிய ஸ்பீக்கர் காந்தத்தின் முகத்தில்கூட இதைவிடப் பலமான புலம் உண்டு. வியாழனின் பெருமை அது பரந்து கிடக்கும் இடத்தில் இருக்கிறது: சூரியன் பக்கம் வியாழனின் ஆரையைப் போல் 45 முதல் 100 மடங்கு தூரம் வரை, சூரியக் காற்று எவ்வளவு தள்ளுகிறது என்பதைப் பொறுத்து, சுருங்கியும் விரிந்தும் நிற்கும். மறுபக்க வால் சனியின் ஒழுக்கு வரை நீளும்.

சரி, அந்தப் பரப்புக்குள் ஒரு துணிக்கையை விடுவோம். அயோ என்ற துணைக்கோள் வியாழனின் மையத்திலிருந்து 4 இலட்சத்து 22 ஆயிரம் கி.மீ. தூரத்தில், அதாவது ஏறத்தாழ 5.9 வியாழ ஆரையில் சுற்றுகிறது. அங்கே புலம் ஒரு கவுசில் ஐம்பதில் ஒரு பங்குதான். அந்த இடத்தில் ஒரு கந்தக அயன் செக்கனுக்கு 57 கி.மீ. கதியில் புலத்துக்குக் குறுக்கே ஓடுகிறது என்று வையும் (ஏன் 57 என்று பிறகு வரும்). மேலே திணிவு பெருக்கல் கதி, கீழே ஏற்றம் பெருக்கல் புலம், உமக்குத் தெரிந்த அதே ஆரைச் சமன்பாடு. கிடைப்பது ஏறத்தாழ 10 கி.மீ. ஒரு சுற்றுக்கு ஒரு செக்கன் சொச்சம். இலத்திரனுக்குத் திணிவு கடுகளவு, அது செக்கனுக்கு 50,000 தரத்துக்கு மேல் சுற்றும். வியாழனின் அளவோடு ஒப்பிட்டால் 10 கி.மீ. என்பது பனையோடு ஒட்டிய எறும்பு. ஆகவே அந்தச் சின்ன வட்டத்தை மறந்து வட்டத்தின் நடுப்புள்ளியை மட்டும் பின்தொடர்ந்தால் போதும். இந்தச் சுருக்குவழியைக் காட்டித்தந்தவர் ஹானஸ் அல்ஃப்வேன் என்ற சுவீடன்காரர். பிளாஸ்மா இயக்கத்தில் செய்த வேலைக்காக 1970இல் நோபல் பரிசு பெற்றார்.

நடுப்புள்ளி புலக்கோட்டின் வழியே போகும். கோடுகள் முனைவுகளை நோக்கிப் போகப்போக நெருங்கும், புலம் பலக்கும். இங்கேதான் உமது வகுப்பு விதி தன் வேலையைக் காட்டுகிறது. கதி மாற முடியாது, ஏனென்றால் விசை செங்குத்து. ஆனால் கதியின் எந்தப் பங்கு சுற்றுவதற்கு, எந்தப் பங்கு முன்னே போவதற்கு என்பது மாறலாம். புலம் பலக்கப் பலக்கச் சுற்றும் பங்கு கூடுகிறது, முன்னே போகும் பங்கு குறைகிறது. ஓரிடத்தில் முன்னே போவதற்கு ஒன்றுமே மிஞ்சாது. துணிக்கை முன்னே போவதை நிறுத்தி, திரும்பி, வந்த வழியே மற்ற முனைவுக்குப் போகும். ஏன் திரும்புகிறது? நெருங்கும் கோடுகள் சாய்ந்திருப்பதால் விசையின் ஒரு சிறு கூறு எப்போதும் பின்னோக்கி இருக்கிறது. சில பேர் இதை ஊஞ்சலோடு ஒப்பிடுவார்கள். அந்த உவமை பாதிதான் சரி: ஊஞ்சலின் கதி மேலே போகக் குறையும், இதன் கதி எங்கேயும் குறைவதில்லை, திசைதான் மாறுகிறது. ஒளியின் கதிக்குக் கிட்டிய இலத்திரன் ஒன்று அயோவின் புலக்கோட்டில் ஏறத்தாழ ஆறு செக்கனுக்குள் ஒரு முழு ஓட்டம் போய்வந்துவிடும்.

இப்படித் திரும்பாமல் போகிறவையும் உண்டு. அயோவின் தூரத்தில் கணக்குப் போட்டால், புலக்கோட்டோடு ஏறத்தாழ 3 பாகைக்குள் ஓடுகிற துணிக்கைகள் திரும்பும் புள்ளிக்கு முன்பே வளிமண்டலத்தில் முட்டித் தொலைந்துவிடும். மீதி எல்லாம் சிக்கியவை. விழாமல் நிற்பது ஏன் என்று கேட்டீரே, அதன் பெரும்பங்கு பதில் இந்த 3 பாகை.

மூன்றாவது ஓட்டம் ஒன்று உண்டு. துணிக்கையின் சின்ன வட்டத்தில் வியாழனுக்குக் கிட்டிய பாதியில் புலம் பலம், வளைவு இறுக்கம். தூரப் பாதியில் புலம் மெலிவு, வளைவு தளர்வு. வட்டம் சரியாக மூடாமல் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் பக்கவாட்டில் விலகும். சூடு மிதிக்கும் மாடுகள் நடுக்கம்பத்தைச் சுற்றுவதுபோல் துணிக்கை கோளைச் சுற்றி வரும், நேரேற்றம் ஒரு பக்கம், இலத்திரன் எதிர்ப்பக்கம். பூமியில் புரோத்தன்கள் மேற்கே, இலத்திரன்கள் கிழக்கே. வியாழனில் இது தலைகீழ், ஏனென்றால் அதன் காந்தம் பூமியினுடையதற்கு எதிர்த்திசையில் கிடக்கிறது. நம் திசைகாட்டியை அங்கே கொண்டுபோனால் வடக்கு என்று எழுதிய முனை தெற்கைக் காட்டும்.

சுற்றல், முனைவுக்கு முனைவு ஓடல், கோளைச் சுற்றல். இந்த மூன்றிலும், புலம் நிலையாக இருக்கும்வரை, ஒரு சதம் சக்திகூடக் கூடாது. இதுவரை உமது ஆசிரியர் பக்கம்தான் வெற்றி.

இனி சக்தி. இந்த இடம் வந்ததும் நான் வகுப்புக்குள் சைக்கிளைத்தான் உருட்டிக்கொண்டு வருவேன். தொண்ணூறுகளில் இங்கே மின்சாரம் இல்லை, பற்றரி உள்ளே வரத் தடை. உமது அம்மா அப்பாவிடம் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். மல்லாவிப் பக்கம் இடம்பெயர்ந்து கிடுகுக் கொட்டிலில் இருந்த நாட்களில், இரவுச் செய்தி கேட்பதென்றால் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, டைனமோவை ரயரோடு சாத்தி, பெடலைக் கையால் சுற்றவேண்டும். டைனமோ தருவது ஆடலோட்டம். பழைய ரேடியோக்களில் கழற்றிய நாலு டயோட்டும் ஒரு கொள்ளளவியும் போட்டு அதை நேராக்கி வானொலிக்குக் கொடுப்போம். சுற்றுகிறவர் களைத்தால் செய்தி வாசிக்கிறவரின் குரலும் கூடவே இறங்கிவிடும். அடுத்த கொட்டில் பெடியன் ஒருவன், பத்து வயதிருக்கும், ஒரு நாள் சுற்றிக்கொண்டே கேட்டான்: "சேர், வயரைக் கழட்டினா பெடல் லேசாக் கிடக்கு, பூட்டினாப் பாரமாக் கிடக்கு. ரேடியோவுக்குள்ள என்ன பாரம் இருக்கு?"

அவனுக்குச் சொன்ன பதிலைத்தான் உமக்கும் சொல்லப்போகிறேன். டைனமோவுக்குள் சுழல்வது ஒரு காந்தம். அது எந்த இலத்திரனுக்கும் தன் கையிலிருந்து எதையும் கொடுப்பதில்லை. அது சுழல்வதால் புலம் மாறுகிறது, மாறும் புலம் ஒரு மின்புலத்தை உண்டாக்குகிறது, அந்த மின்புலம் வேலை செய்கிறது. ஓட்டம் பாயத் தொடங்கியதும் அது காந்தத்தைப் பின்னுக்கு இழுக்கிறது, அதுதான் பெடலில் தெரியும் பாரம். கணக்கு முடிவில் காசு போவது சுற்றுகிறவரின் கையிலிருந்து. காந்தம் நடுவில் நிற்கும் தரகர்.

வியாழன் 9 மணி 55 நிமிடத்துக்கு ஒருதரம் சுழல்கிறது, அவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு. அது பெடல். வயரைப் பூட்டுவது அயோ. 1979 மார்ச்சில் வொயேஜர் 1 கடந்து போனபோதுதான் அயோவில் எரிமலைகள் கக்கிக்கொண்டிருப்பதைக் கண்டார்கள். அந்த எரிமலைகளால் உண்டான மெல்லிய கந்தகவீரொட்சைட்டு வளியிலிருந்து செக்கனுக்கு ஏறத்தாழ ஒரு தொன் பொருள் வெளியே கழன்று போகிறது. ஒவ்வொரு செக்கனும் ஒரு லாண்ட்மாஸ்டர் (இரு சில்லு உழவு இயந்திரம்) பெட்டி நிறைய என்று வைத்துக்கொள்ளும். கந்தகமும் ஒட்சிசனும் இலத்திரனை இழந்து அயனாகி, அயோவின் பாதை நெடுக உழுந்து வடை வடிவில் ஒரு வளையமாக நிற்கின்றன.

நடுநிலை அணுவாக இருக்கும்வரை காந்தத்துக்கு அதைத் தெரியாது. அது அயோவோடு சேர்ந்து செக்கனுக்கு 17 கி.மீ. கதியில் போய்க்கொண்டிருக்கும். ஆனால் அங்கே ஏற்கெனவே இருக்கும் பிளாஸ்மா கோளோடு சேர்ந்து சுழல்வதால் 74 கி.மீ. கதியில் பின்னாலிருந்து வந்து முந்திக்கொண்டிருக்கிறது. வித்தியாசம் 57. அணு அயனாகும் கணத்தில் அதற்கு உறைக்கும்: செக்கனுக்கு 57 கி.மீ. கதியில் ஒரு காந்தப் பிளாஸ்மா தன்னைக் கடந்து ஓடுகிறது. அயோவில் நின்று பார்ப்பவருக்கு அங்கே ஒரு மின்புலம் இருக்கிறது. 57,000 மீற்றரை அந்த இடத்துப் புலத்தால் பெருக்கினால் மீற்றருக்கு 0.1 வோல்ற்றுச் சொச்சம் வரும். சின்ன எண்தான், ஆனால் அயோவின் விட்டம் 3,640 கி.மீ. பெருக்கிப் பாரும், அயோவின் குறுக்கே 4 இலட்சம் வோல்ற்று.

அந்தப் புது அயனின் பாதையைப் பார்க்க இன்னொருதரம் சைக்கிளிடம்தான் போகவேண்டும். மழைக்குப் பிறகு ஒழுங்கையில் ஓடும் சைக்கிள் ரயரில் ஒரு செம்மண் கட்டி ஒட்டியிருக்கிறது. ரயர் நிலத்தைத் தொடும் கணத்தில் அந்தக் கட்டி அசையாமல் நிற்கும். உச்சிக்கு வரும்போது சைக்கிளின் கதியைப்போல் இரண்டு மடங்கில் போகும். அயனும் அப்படியே: பிறக்கும்போது அயோவைப் பொறுத்து ஓய்வு, அரைச் சுற்றில் 114 கி.மீ., முழுச் சுற்றில் திரும்பவும் ஓய்வு. சராசரியில் பிளாஸ்மாவோடு சேர்ந்து 57. இப்போது சைக்கிளில் ஏறி இருந்துகொண்டு அதே கட்டியைப் பாரும். அது மாறாத கதியில் வட்டம் போடுகிறது, அவ்வளவுதான். பிளாஸ்மாவோடு சேர்ந்து ஓடுகிறவருக்கு மின்புலமே இல்லை, காந்தப்புலம் மட்டும், கதி மாறவில்லை, உமது ஆசிரியர் சொன்னதுபோல. அயோவில் நிற்கிறவருக்கு மின்புலம் உண்டு, அது வேலை செய்தது. இரண்டு பேரும் ஒரே அயனைத்தான் பார்க்கிறார்கள். "காந்தப்புலம் வேலை செய்யாது" என்ற வரி யாருடைய இடத்தில் நின்று பார்த்தாலும் உண்மை. அந்த இடத்தில் நிற்கிறவருக்கு மின்புலமும் இருக்கிறதா என்பதைத்தான் பார்க்காமல் விட்டுவிடுகிறோம்.

டைனமோ உவமை முறியும் இடத்தையும் சொல்லிவிடவேண்டும், இல்லாவிட்டால் இங்கே யாராவது பிடித்துக்கொள்வார்கள். வியாழனின் காந்த அச்சு சுழலும் அச்சிலிருந்து ஏறத்தாழ 10 பாகை சாய்ந்திருக்கிறது. சாய்வு இல்லாமல் இரண்டும் ஒன்றாகவே இருந்தாலும் மேலே சொன்ன எல்லாம் நடக்கும். அந்த நிலையில் காந்தம் சுழன்றாலும் எந்தப் புள்ளியிலும் புலம் மாறாது, ஆகவே "காந்தம் சுழல்கிறது, கோடுகள் பிளாஸ்மாவைத் துடைப்பம்போல் கூட்டிக்கொண்டு போகின்றன" என்ற படம் போதாது. உண்மையில் பிடித்து இழுப்பது வியாழனின் மேல் வளிமண்டலத்தில் உள்ள கடத்தும் படை, அயன்மண்டலம். அது கோளோடு சுழல்கிறது, அதிலிருந்து புலக்கோடுகள் வழியே ஓட்டம் பிளாஸ்மா வளையத்துக்குப் போய், குறுக்கே பாய்ந்து, திரும்பி வருகிறது. அந்தச் சுற்றுதான் வயர். இவ்வளவும் இழுத்தால் வியாழன் மெல்ல நின்றுவிடாதா என்று முன்பு ஒரு மாணவி கேட்டார். வியாழனின் சுழற்சிச் சக்தியைக் கணித்தால் 10இன் 34ஆம் அடுக்கு யூல் அளவில் வரும். சூரியக் குடும்பத்தின் வயது முழுவதும் இப்படி இழுத்தாலும் தட்டுப்படும் அளவுக்குக் குறையாது.

இதுவரை வந்த சக்தி எவ்வளவு? 57 கி.மீ. கதிக் கந்தக அயனுக்கு ஏறத்தாழ 540 இலத்திரன்வோல்ற்று (துணிக்கைகளின் சக்தியை அளக்கும் சின்ன அலகு). காணொளியில் சொன்னதோ மில்லியன் கணக்கில். இடைவெளி எங்கே நிரம்புகிறது?

ஒரு பங்கு நன்றாகத் தெரிந்தது. மாங்குளம் சந்தியில் நிரம்பி வழியும் பஸ்ஸை நினைத்துக்கொள்ளும். பின்னால் நிற்கிற ஒருவர் மூட்டையோடு இறங்க முன்னே வந்தால், அவர் விட்ட இடத்துக்கு முன்னே நின்ற மெல்லிய ஆள் ஒருவர் பின்னே போகவேண்டும், வேறு வழியில்லை. அயோவின் வளையத்தில் பாரமான குளிர்ந்த பிளாஸ்மா, சுழற்சியால் வெளியே தள்ளப்படுகிறது. அது வெளியே போக, வெளியே இருந்த ஐதான சூடான பிளாஸ்மா உள்ளே வருகிறது. உள்ளே வரும் துணிக்கை பலமான புலத்துக்குள் நுழைகிறது. மெல்ல மாறும் புலத்தில், உந்தத்தின் செங்குத்துக் கூற்றின் வர்க்கத்தைப் புலத்தால் வகுத்தால் வரும் கணியம் மாறாமல் நிற்கும். ஆகவே புலம் ஏறினால் உந்தம் ஏறியே தீரவேண்டும். உள்ளே தள்ளுவது அந்த இடமாற்றத்தின் மின்புலம், வேலை செய்வதும் அதுதான். புலம் ஒரு சட்டக்காந்தத்தினுடையதைப்போல் எளிய இருமுனைப் புலம் என்று வைத்தால், 10 வியாழ ஆரையிலிருந்து 1.5 ஆரைக்கு வரும்போது அது ஏறத்தாழ 300 மடங்காகும், உந்தம் 17 மடங்காகும். வெளியே 1 மில்லியன் இலத்திரன்வோல்ற்றோடு நடுக்கோட்டில் சுற்றிய இலத்திரன் உள்ளே வந்து சேரும்போது 24 மில்லியனில் நிற்கும். இப்போது அதன் கதி ஒளியின் கதியிலிருந்து பிரித்தறிய முடியாத அளவு. இந்தக் கணக்கை நீரே போட்டுப் பாரும், சார்புச் சமன்பாடு மட்டும் கூடத் தேவைப்படும்.

சந்தேகமான பங்கு இதற்குப் பின்னால் இருக்கிறது. அந்த முதல் 1 மில்லியன் எங்கிருந்து வந்தது? பிளாஸ்மாவில் எழும் ஒருவகை மின்காந்த அலைகள், இலத்திரனின் சுற்றலோடு தாளம் பொருந்தும்போது அதற்குச் சக்தி கொடுக்கின்றன என்பது ஒரு விளக்கம், அந்த அலைகளை விண்கலங்கள் அளந்தும் இருக்கின்றன. வெளிப்புறத்தில் புலக்கோடுகள் அறுந்து ஒட்டும் நிகழ்வுகளிலிருந்து உள்ளே தள்ளப்பட்டு வருகிறது என்பது மற்றது. இரண்டும் நடப்பதைப் பெரும்பாலும் ஒப்புக்கொள்கிறார்கள். எந்தத் தூரத்தில் எது எவ்வளவு பங்கு என்பதில் தான் சண்டை. ஒரே காரணம் என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்பவேண்டாம்.

துருவ ஒளியிலும் இப்படி ஒரு கதை. வெளியே போகும் பிளாஸ்மா, கை விரித்துச் சுழல்கிறவரைப்போல், கோளோடு சேர்ந்து சுழல முடியாமல் பின்தங்கும். ஏறத்தாழ 20 ஆரைக்கு அப்பால் அந்தப் பின்தங்கல் நன்றாகத் தெரியும். அதை இழுத்துப் பிடிக்க அயன்மண்டலத்திலிருந்து ஓட்டம் பாய்கிறது, அந்த ஓட்டத்தைச் சுமந்து கீழே விழும் இலத்திரன்கள்தான் பிரதான துருவ ஒளி என்று நான் வருடக்கணக்காகப் படிப்பித்தேன். அழகான விளக்கம். 2016 ஜூலையில் ஜூனோ போய்ச் சேர்ந்து, முனைவுகளுக்கு மேலே பறந்து அளந்தபோது படம் அவ்வளவு சுத்தமாக இல்லை. இலத்திரன்களை ஒரே திசையில் கீழே இறக்கும் மின்னழுத்தங்கள் இருக்கத்தான் இருக்கின்றன, பல இலட்சம் வோல்ற்றில். ஆனால் மிகப் பிரகாசமான இடங்களில் இலத்திரன்கள் மேலும் கீழும் இரு திசையிலும், எல்லாச் சக்தியிலும் கலந்து ஓடின. பழைய விளக்கம் பொய் என்று நான் சொல்லவில்லை, பாதி என்று சொல்கிறேன். மற்றப் பாதியை அலைகளிடம் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

இந்தச் சிக்கிய இலத்திரன்களை மனிதன் முதலில் எப்படிக் கண்டான் என்பதில் நமக்கும் ஒரு சொந்தம் உண்டு. பலமான புலத்தில் வேகமாகச் சுற்றும் இலத்திரன் சிங்க்ரோட்ரான் கதிர்ப்பை விடும். 1960இல் கலிபோர்னியாவின் ஓவன்ஸ் பள்ளத்தாக்கில், வி. ராதாகிருஷ்ணனும் ஜே. ஏ. ராபர்ட்ஸ் என்பவரும் இரண்டு ரேடியோத் தொலைநோக்கிகளை இணைத்து 960 மெகாஹேட்ஸில் வியாழனை அளந்தார்கள். வந்த கதிர்ப்பு கோளைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு அகலமான இடத்திலிருந்து வந்தது, அதோடு முனைவாக்கப்பட்டும் (அலையின் அதிர்வு ஒரு திசையில் ஒழுங்குபட்டும்) இருந்தது. சூடான ஒரு கோளம் அப்படி ஒளிராது. கோளைச் சுற்றி இலத்திரன்கள் சிக்கியிருக்கின்றன என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி அப்போது வேறு இல்லை. விண்கலம் ஒன்று அங்கே போக இன்னும் 13 வருடம் இருந்தது. ராதாகிருஷ்ணன் சென்னைத் தண்டையார்பேட்டையில் பிறந்தவர், சி. வி. இராமனின் மகன். அப்பாவின் பெயர் தெரிந்த அளவுக்கு மகனின் பெயர் நம் பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை, அது எனக்கு ஒரு குறை.

அந்த 13 வருடத்துக்குப் பின் 1973 டிசம்பரில் பயனியர் 10 கிட்டப் போனபோது, கதிர்ப்பு அதன் சுற்றுகளில் யாரும் அனுப்பாத கட்டளைகளைக் கிளப்பிவிட்டது. எடுக்கவிருந்த சில படங்கள், அயோவின் கிட்டப் படம் உட்பட, போயே போய்விட்டன. அதனால்தான் ஜூனோவின் மூளை ஒரு சென்ரிமீற்றர் தடிப்புத் தைத்தேனியப் பெட்டிக்குள் இருக்கிறது. பெட்டிக்கு வெளியே இருக்கும் அதன் கமரா 2023இல் கதிர்ப்பால் கெட்டு, படங்கள் கோடுகோடாக வந்தன. சூடாக்கியை முழுதாகத் திறந்துவிட்டு, வேகவைத்து எடுத்ததுபோல் அதைத் தேற்றி, டிசம்பர் 30இல் அயோவை 1,500 கி.மீ. கிட்டப் படம் பிடித்தார்கள். 2024 ஒக்டோபரில் ஏவிய யூரோப்பா கிளிப்பர், யூரோப்பாவைச் சுற்றாமல் வியாழனைச் சுற்றி, யூரோப்பாவுக்குக் கிட்டக் கிட்ட வந்து ஓடிப்போகும்படி பாதை போட்டிருப்பதும் இதே பயத்தில்தான்.

வெளியே ஓடாமல் என்று கேட்டீர் அல்லவா, கொஞ்சம் ஓடத்தான் செய்கின்றன. வியாழனிலிருந்து தப்பிய இலத்திரன்கள் பூமிக்குக் கிட்ட அளக்கப்பட்டிருக்கின்றன. 13 மாதத்துக்கு ஒருதரம் அவை கூடுகின்றன, ஏனென்றால் பூமியையும் வியாழனையும் சூரியக் காற்றின் சுருள் புலக்கோடு ஒன்று இணைக்கும் அமைப்பு அந்த இடைவெளியில்தான் திரும்ப வருகிறது.

கையோடு செய்யக்கூடியது ஒன்றும் உண்டு. 1955இல் பேர்க், பிராங்க்ளின் என்ற இருவர் 22.2 மெகாஹேட்ஸில் தற்செயலாகக் கேட்டது வியாழனின் சத்தம்தான். அது அயோவின் இடத்தைப் பொறுத்து வருகிறது என்று 1964இல் பிக் என்பவர் காட்டினார், அயோவை வியாழனோடு இணைக்கும் அந்த வயரின் சத்தம் அது. 20 மெகாஹேட்ஸ் பக்கம் ஒரு சிற்றலை வானொலியும், இரண்டு தடியில் கட்டிய சரியான நீள வயரும், வியாழன் மேலே நிற்கும் இரவும் போதும். நகரத்தில் மின்மாற்றிகளின் இரைச்சலுக்குள் முடியாது. இரணைமடுக் குளக்கட்டில் நடுச்சாமத்துக்குப் பிறகு முடியும். முல்லைத்தீவுக் கரையில் அலை வந்து வந்து போவதுபோல் ஒருவகை, தகரக் கூரையில் கைப்பிடி அரிசியை எறிந்ததுபோல் இன்னொருவகை. நான் கேட்டிருக்கிறேன் என்றுதான் நினைக்கிறேன். இரண்டு இரவு. ஆனால் தூரத்து மின்னலும் கிட்டத்தட்ட அப்படித்தான் கேட்கும், அதனால் சத்தியம் செய்யமாட்டேன். அயோவின் நேரத்தைக் கணித்து, அந்த நேரத்தில் மட்டும் வருகிறதா என்று பல இரவு குறித்து வைத்தால்தான் அது சாட்சி.

பரீட்சையில் கேட்டால் ஆசிரியர் சொன்னதையே எழுதும், புள்ளி குறையாது. பிறகு வீட்டில் சைக்கிளைக் கவிழ்த்து, டைனமோவைச் சாத்தி, பெடலை ஒருதரம் பலமாகச் சுற்றிக் கையை எடுத்துவிடும். லைற் வயரைக் கழற்றி ஒரு தரம், பூட்டி ஒரு தரம். சில்லு நிற்பதற்கு எத்தனை செக்கன் எடுத்தது என்று இரண்டையும் இங்கே எழுதும். பார்க்க ஆசையாக இருக்கிறது.